நினைவின் வாசலும் சுண்டெலியும்

அரபு மருத்துவ நூல்களைப் புரட்டுவோர் 'பலாதுர்' என்னும் சொல்லை அங்கங்கே காண்பர். மறதியைப் போக்கும், மனனத்தைப் பெருக்கும் என்று பழைய ஹகீம்கள் எழுதிவைத்த ஒரு கொட்டையின் பெயர் அது. இந்திய மண்ணில் விளைந்து மரக்கலமேறி அரபு நாடுகளுக்குச் சென்ற சரக்கு. நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டைதான் அது என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். பத்தாம் நூற்றாண்டில் கைரவான் நகரில் வாழ்ந்த மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார், மறதிக்கும் அதன் சிகிச்சைக்கும் என்றே தனியாக ஒரு சிறுநூல் இயற்றினார். மனனமே கல்வியின் முதுகெலும்பாக இருந்த ஒரு சமுதாயத்தில் இத்தகைய நூலுக்கு எத்துணை மதிப்பு இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் சேங்கொட்டையின் சாறு தோலில் பட்டாலே புண்ணாகும். உட்கொண்டால் உயிருக்கே ஊறு நேரலாம். 'ஃபுதூஹுல் புல்தான்' என்னும் புகழ்பெற்ற வரலாற்று நூலின் ஆசிரியர், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மறைந்த அல்-பலாதுரீக்கு அப்பெயர் வாய்த்த கதையே இதற்குச் சான்றாகக் கூறப்படும். பலாதுரை அருந்திச் சித்தம் கலங்கி மாண்டதால் அப்பெயர் வந்தது என்பர். அருந்தியவர் அவர்தாமா, அவருடைய பாட்டனாரா என்பதில் பழைய ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாராயினும் ஆகுக, பெயர் நிலைத்துவிட்டது.

நினைவைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற அந்தப் பழைய ஆசை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கொட்டையை விட்டு மரபணுவுக்கு வந்து சேர்ந்தது. 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் வெளிவந்த 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோ சியென் என்பாரும் அவருடைய துணைவர்களும் ஒரு செய்தியை வெளியிட்டனர். சுண்டெலியின் மூளையில் ஒரேயொரு மரபணுவின் செயலை மிகுவித்ததன் மூலம், மற்றச் சுண்டெலிகளைவிட விரைவாகக் கற்கவும் நெடுநாள் நினைவில் வைக்கவும் வல்ல சுண்டெலிகளைத் தாங்கள் உருவாக்கிவிட்டதாக அவர்கள் அறிவித்தார்கள். சில நாள்களில் 'டைம்' வார இதழ் அட்டைப் படத்திலேயே, 'அறிவுக்குரிய மரபணு இதுதானோ' என்னும் பொருள்பட ஒரு கேள்வியைப் போட்டது. உலகெங்கும் பெற்றோர் காதுகளைத் தீட்டிக்கொண்டார்கள்.

இச்செய்தி நம்மைச் சும்மா விடவில்லை. "ஹஜ்ரத், இவனுக்கு மனனம் வராது, பிறப்பே அப்படி" என்று பிள்ளையை எதிரில் நிறுத்திக்கொண்டே சொல்லும் தாய் தந்தையரை மத்ரஸாவில் பாடம் சொல்லும் எவரும் அறிவர். பிறப்பிலேயே முடிந்துபோன காரியமா நினைவாற்றல்? சுண்டெலிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி இதற்கு என்ன விடை தருகிறது? அதன் வரலாற்றை முறையாகப் பார்த்தால்தான் விடை விளங்கும்.

நினைவு எங்கே குடியிருக்கிறது என்பது முதற் கேள்வி. அரிஸ்டாட்டில் இதயத்தைச் சுட்டினார். கேலன் மூளையைச் சுட்டினார். இப்னு ஸீனா (980–1037) மூளையின் அறைகளைப் பகுத்து, புலன்கள் கொண்டுவரும் உருவங்கள் முன்னறையிலும், அவ்வுருவங்களுக்குப் பின்னுள்ள பொருள்கள் பின்னறையிலும் சேமிக்கப்படுவதாக எழுதினார். ஆடு ஓநாயைக் காண்கிறது. நிறத்தையும் வடிவத்தையும் கண் தருகிறது. ஆனால் 'இது பகை' என்னும் பொருளைக் கண் தருவதில்லை. அதை உணரும் ஆற்றலுக்கு 'வஹ்மு' என்றும், உணர்ந்ததைக் காத்துவைக்கும் ஆற்றலுக்கு 'ஹாஃபிழா' என்றும் அவர் பெயரிட்டார். அறைகள் பற்றிய அவருடைய கணக்கு இன்று நிற்காது. ஆயினும் விலங்கின் அச்சத்தையும் அதன் நினைவையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்த அந்த முறை, இன்றைய சோதனைச்சாலைகளில் சுண்டெலிகளிடம் நடத்தப்படும் அச்சச் சோதனைகளுக்கு மிக அருகில் இருக்கிறது.

பிறகு நெடுங்காலம் கழித்து, ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால், மூளை என்பது ஒட்டுமொத்தமான வலையன்று, தனித்தனி நரம்பணுக்களின் கூட்டம் என்று நுண்ணோக்கியின் துணையால் காட்டினார். ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். இடையில் மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளி இருக்கும். கற்றல் என்பது இந்தச் சந்திப்புகள் வலுப்பெறுவதே என்று அவர் 1894இல் லண்டனில் ஆற்றிய பேருரையில் கருத்துரைத்தார். 1906இல் கோல்ஜியுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர் இவரே. கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் இக்கருத்தைக் கூர்மையாக்கினார். ஒரு நரம்பணு அடுத்ததைத் தூண்டி, இரண்டும் ஒருசேரத் திரும்பத் திரும்ப இயங்குமாயின், அவற்றிடையேயுள்ள இணைப்பு வலுக்கும் என்பது அவர் சொன்ன விதி. ஒரே வரியை நூறு முறை ஓதும் மாணவனுடைய மூளையில் என்ன நிகழ்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் அரிது. எனினும் அது அன்று வெறும் ஊகந்தான்.

1953இல் நடந்த ஒரு துயர நிகழ்ச்சி, இடத்தைக் குறித்துக் கொடுத்தது. ஹென்றி மொலெய்சன் என்னும் 27 வயது அமெரிக்க இளைஞர் கடுமையான காக்காய்வலிப்பால் அவதியுற்றார். அவருக்குச் செய்யப்பட்ட அறுவை மருத்துவத்தில் மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகம் அகற்றப்பட்டது. வலிப்பு தணிந்தது, ஆனால் அன்று முதல் புதிய செய்தி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. நாள்தோறும் சந்தித்த மருத்துவரையும் ஒவ்வொரு நாளும் புதியவராகவே கண்டார். பழைய நினைவுகள் பெரும்பாலும் இருந்தன. கைப்பழக்கத்தால் வரும் திறமைகளையும் கற்றுக்கொண்டார். 2008இல் அவர் இறக்கும் வரை ஆராய்ச்சி நூல்களில் அவருடைய பெயர் இரண்டு எழுத்துகளாகவே இருந்தது. ஹிப்போகாம்பஸ் என்றால் கடற்குதிரை என்று பொருள். வடிவத்தைக் கண்டு அப்பெயரை இட்டவர் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் அரான்ஸி. வலையில் சிக்கிய கடற்குதிரையைப் பார்த்திருக்கும் கடற்கரையூர் அன்பர்கள், அந்த வளைவு நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் பக்கத்திற்கு ஒன்றாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

இந்தக் கடற்குதிரைப் பகுதியில்தான் 1966இல் நார்வேயின் ஆஸ்லோ நகரில் டெரியே லோமோ ஒரு விந்தையைக் கண்டார். முயலின் மூளையில் ஒரு நரம்புப் பாதையை வேகமாகச் சிலமுறை மின்னால் தூண்டினால், பிறகு மணிக்கணக்கில் அப்பாதையின் இணைப்புகள் முன்னிலும் வலுவாக இயங்கின. இங்கிலாந்திலிருந்து வந்த டிம் பிளிஸ் அவருடன் சேர்ந்து இதை விரிவாக ஆராய, 1973இல் கட்டுரை வெளிவந்தது. இதனை நீடித்த வலுவூட்டம் என்று நாம் தமிழில் சொல்லலாம். ஹெப் ஊகித்தது கண்ணுக்குப் புலனாயிற்று.

அடுத்த கேள்வி, 'ஒருசேர' இயங்கியதை அந்த இணைப்பு எப்படி அறிகிறது என்பது. இங்கேதான் ஏற்பி என்னும் பொருள் கதைக்குள் நுழைகிறது. ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி சொல்ல விரும்பும்போது ஓர் இரசாயனப் பொருளை இடைவெளியில் உமிழ்கிறது. அதைப் பற்றிக்கொள்ள எதிர்ப்புறத்தில் அமைந்துள்ள புரதமே ஏற்பி. மூளையைக் கிளர்த்தும் செய்திகளுள் பெரும்பாலானவற்றை ஏந்திச் செல்லும் பொருள் குளூட்டமேட். சமையலில் சுவைக்காகச் சிலர் சேர்க்கும் அஜினமோட்டோ உப்பில் இருப்பதும் அதுவே. ஆனால் உண்ணும் குளூட்டமேட் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது. ஆகவே அறிவு வளரும் என்று யாரும் குழம்பில் அள்ளிப்போட வேண்டாம்.

குளூட்டமேட்டைப் பற்றும் ஏற்பிகள் பலவகை. அவற்றுள் ஒன்றுக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜெஃப் வாட்கின்ஸ் உருவாக்கிய ஒரு செயற்கைப் பொருளின் பெயரை ஒட்டி வந்தது இப்பெயர். இந்த ஏற்பியின் தன்மை விந்தையானது. இரண்டு சாவி போட்ட பள்ளிவாசல் உண்டியலை நாம் அறிவோம்: ஒரு சாவி முத்தவல்லியிடம், மற்றொன்று பொருளாளரிடம், இருவரும் ஒரே நேரத்தில் வந்தால்தான் உண்டியல் திறக்கும். என்.எம்.டி.ஏ. ஏற்பியும் அப்படியே. குளூட்டமேட் வந்து பற்றினால் மட்டும் அதன் வாசல் திறந்து பயனில்லை. நடுவழியை ஒரு மக்னீசியம் அணு அடைத்துக்கொண்டிருக்கும். செய்தி பெறும் நரம்பணுவும் அதே நேரத்தில் கிளர்ச்சியுற்றிருந்தால்தான் அந்த அடைப்பு விலகும். விலகியதும் கால்சியம் உள்ளே பாய்ந்து, இணைப்பை வலுவாக்கும் வேலைகளைத் தொடக்கி வைக்கும். மக்னீசியத்தின் இந்தக் காவலை 1984இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறிந்தார்கள். இரண்டும் ஒருசேர நிகழ்ந்தன என்பதற்குச் சாட்சி சொல்லும் கருவி மூளைக்குள் இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

இது நடத்தையில் எப்படிப் புலப்படும்? ஸ்காட்லாந்தின் ரிச்சர்ட் மோரிஸ் 1981இல் ஓர் எளிய சோதனையை அமைத்திருந்தார். வட்டமான தொட்டியில் நீர் நிரப்பி, அதைப் பால் கலந்து வெண்மையாக்கி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மேடையை மறைத்து வைத்தார். எலியை நீரில் விட்டால் அது நீந்திக் களைத்து எப்படியோ மேடையைக் கண்டு ஏறிவிடும். அடுத்தடுத்த நாள்களில், அறைச் சுவரிலுள்ள அடையாளங்களை வைத்து, கரையிலுள்ள அடையாளங்களைக் கொண்டு திசையறியும் கடலோடியைப் போல, நேரே மேடைக்குச் சென்றுவிடும். 1986இல் மோரிஸும் துணைவர்களும் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் மருந்தை எலிகளின் மூளையில் செலுத்திப் பார்த்தார்கள். அவ்வெலிகள் நீந்தின, ஆனால் மேடை இருந்த இடத்தைக் கற்றுக்கொள்ளத் திணறின. கண்ணால் பார்த்து இரண்டு பொருள்களை வேறுபடுத்தும் பாடத்தை மட்டும் வழக்கம்போலக் கற்றன.

மருந்து பரவும், எங்கெல்லாம் பரவியது என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். ஆகவே மரபணுவையே மாற்றிப் பார்க்கும் வழியை நாடினார்கள். மரியோ கபேக்கி, ஆலிவர் ஸ்மிதிஸ், மார்ட்டின் எவன்ஸ் ஆகிய மூவரின் தனித்தனி உழைப்பால், சுண்டெலியின் கருவிலுள்ள ஆதி உயிரணுக்களில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து, அதிலிருந்து முழுச் சுண்டெலியை வளர்த்தெடுக்கும் முறை 1980களின் இறுதியில் கைகூடியது. 2007இல் அம்மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஏன் சுண்டெலி என்று கேட்கலாம். விரைவில் பெருகும், சிறிய இடத்தில் வாழும், அதன் மரபணுக்களில் ஏறத்தாழ 99 விழுக்காட்டுக்கு மனிதனிடம் ஒத்த மரபணு உண்டு என்று 2002இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஒப்புமை உண்டு என்பதால் ஒன்றேயாகிவிடாது என்பதையும் உடன் சொல்லிவைக்கிறோம்.

இம்முறையை நினைவாற்றல் ஆராய்ச்சிக்கு முதலில் கொண்டுவந்தவர்களின் வரலாறு சுவையானது. ஜப்பானின் நகோயா நகரில் பிறந்த சுசுமு டோனெகாவா, உடல் நோய்க்கிருமிகளை எதிர்க்க உண்டாக்கும் எண்ணற்ற எதிர்ப்புப் பொருள்களின் மரபியல் மர்மத்தை விளக்கி 1987இல் நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்றவர். பரிசு பெற்றவர் வாழ்நாள் முழுதும் அதையே பேசிக்கொண்டு காலம் கழிக்கலாம். அவரோ ஐம்பது வயதை எட்டும் வேளையில் தாம் வென்ற துறையை விட்டு மூளையாராய்ச்சியில் மாணவரைப் போல் புகுந்தார். இத்தகைய துணிவு நம் கல்விக்கூடங்களில் அரிதாகவே காணப்படுகிறது என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம்.

அவருடைய சோதனைச்சாலையில் பணிபுரிந்த அல்சினோ சில்வா 1992 ஜூலையில், கால்சியத்தின் ஆணையை நிறைவேற்றும் ஒரு புரதம் இல்லாத சுண்டெலிகளைப் பற்றி எழுதினார். அவற்றின் மூளையில் நீடித்த வலுவூட்டம் குன்றியிருந்தது. தொட்டியில் மறைந்த மேடையைக் கற்பதிலும் அவை பின்தங்கின. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் எரிக் கண்டெல் குழுவினர், வேறொரு புரதமான ஃபின் இல்லாத சுண்டெலிகளில் இதே போன்ற குறையைக் காட்டினர். ஆனால் அவற்றின் கடற்குதிரைப் பகுதியின் அமைப்பிலேயே மாறுபாடு இருந்தது. கருவிலேயே மரபணு இல்லாமற்போனால் மூளையே வேறுவிதமாக வளர்ந்துவிடுகிறது. பிறகு அச்சுண்டெலி கற்கத் தவறினால், கற்கும் கருவி இல்லாததாலா, கட்டடமே கோணலாக எழுந்ததாலா என்று எப்படிச் சொல்வது? என்.எம்.டி.ஏ. ஏற்பியின் இன்றியமையாத பாகமான என்.ஆர்.1 மரபணுவை உடல் முழுதும் நீக்கியபோது இன்னும் மோசம். குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் இறந்தன.

இந்த இக்கட்டிலிருந்து வழி கண்டவர் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த ஜோ சியென். கண்டெலிடமும் டோனெகாவாவிடமும் பயின்றவர் அவர். பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து பெற்ற நொதியைக் கத்தரிக்கோலாகக் கொண்டு, குறித்த இடத்தில், குறித்த பருவத்தில் மட்டும் மரபணுவை வெட்டி எறியும் முறையை மூளைக்குப் பொருத்தினார். 1996 டிசம்பரில் வெளியான ஆய்வின்படி, கடற்குதிரையின் சி.ஏ.1 என்னும் சிறு வட்டாரத்தில் மட்டும், அதுவும் பிறந்து சில வாரங்கள் கழித்தே, என்.ஆர்.1 நீங்கியது. சுண்டெலிகள் நன்றாக வளர்ந்தன, உண்டன, ஓடின. ஆனால் அவ்வட்டாரத்தில் இணைப்புகள் வலுப்பெறவில்லை. தொட்டியில் மேடையின் இடத்தைக் கற்பதில் அவை தடுமாறின. இடத்தைச் சாராத எளிய பாடத்தை மட்டும் கற்றன. கடுகளவு இடத்திலுள்ள ஒருவகைப் புரதம் இல்லாமையால் ஓருயிரின் கல்வியில் குறிப்பிட்ட ஒரு கதவு மட்டும் சாத்தப்பட்டது.

எடுத்தால் குறைகிறது, கொடுத்தால் கூடுமா? இதுதான் 1999இன் கேள்வி. என்.எம்.டி.ஏ. ஏற்பியில் என்.ஆர்.1 பாகத்தோடு வேறு பாகங்களும் சேர்ந்திருக்கும். இளமையில் என்.ஆர்.2பி மிகுதி, வயது ஏற ஏற அதன் பங்கு குறைந்து என்.ஆர்.2ஏ மிகும். 2பி உள்ள ஏற்பியின் வாசல் திறந்தால் சற்று நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும். அதனால் சிறிது முன்பின்னாக நிகழ்ந்தவற்றையும் அது ஒன்றாகப் பிணைக்க வல்லது. இளமையில் கற்பது எளிது என்று எல்லாச் சமுதாயத்தாரும் சொல்லிவந்ததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கலாம். சியென் குழுவினர் சுண்டெலிகளின் முன்மூளையில் 2பியை மிகுதியாக உண்டாக்கினர். அவை வளர்ந்த பின்னரும் இணைப்புகள் எளிதில் வலுப்பெற்றன. முன்பு கண்ட பொருளையும் புதிய பொருளையும் காட்டினால், மூன்று நாள் கழித்தும் பழையதை அடையாளம் கண்டு புதியதை நாடின. தொட்டியில் மேடையை விரைவில் கற்றன. காலில் சிறு மின்னதிர்ச்சி பெற்ற பெட்டியை நன்றாக நினைவில் வைத்து அஞ்சின. அதைவிட நம் கருத்தைக் கவர்வது மற்றொன்று. அதே பெட்டியில் அதிர்ச்சி இல்லாமல் மீண்டும் மீண்டும் விட்டபோது, 'இனி அச்சமில்லை' என்ற பாடத்தையும் மற்றவற்றைவிட விரைவாக அவை கற்றன. ஆக, கூடியது வெறும் சேமிப்பன்று.

'இன்ஸான்' என்ற சொல்லின் வேரைப் பற்றி அரபு இலக்கண அறிஞர்கள் வாதிட்டது இங்கே நினைவுக்கு வருகிறது. கூஃபா நகரத்தார் அது மறதியைக் குறிக்கும் 'நிஸ்யானி'லிருந்து வந்தது என்றனர். பஸ்ரா நகரத்தார் நேசத்தைக் குறிக்கும் 'உன்ஸி'லிருந்து வந்தது என்றனர். மறதியை மனிதனின் இலக்கணமாகவே கொண்ட கூஃபாவாருக்கு இச்சுண்டெலிகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்திருக்கும்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வந்த டூகி என்னும் அறிவுச் சிறுவனின் பெயரை இச்சுண்டெலிகளுக்கு இட்டார்கள். 2009இல் இதே மாற்றம் செய்யப்பட்ட எலியையும் உருவாக்கினார்கள். ஆனால் இடையிலேயே, 2001இல், வேறொரு செய்தி வந்துவிட்டது. முந்திய ஆய்வில் சியெனுடன் பணிபுரிந்த மின் ஜுவோ என்பாரின் குழு, டூகி சுண்டெலிகளின் வலியுணர்வைச் சோதித்தது. சூடு பட்டால் காலை இழுக்கும் உடனடி வலியில் மாற்றமில்லை. ஆனால் வீக்கத்தால் நெடுநேரம் நீடிக்கும் வலியில், அவை மற்றவற்றைவிட மிகுதியாகத் துன்புறுவதைக் காட்டும் நடத்தை தெரிந்தது. வலியையும் அவை நன்றாகக் கற்றுக்கொண்டன போலும்! இதற்கு வேறு விளக்கம் தந்தவர்களும் உண்டு. எனினும், கற்றலுக்குப் பயன்படும் அதே ஏற்பி வலியின் பாதையிலும் அமர்ந்திருக்கிறது என்பது மறுக்கப்படவில்லை. பரீட்சைக் காலத்தில் நினைவாற்றல் மருந்து என்று விளம்பரம் செய்யும் கடைக்காரர்கள் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

ஏற்பி குறைந்தால் கல்வி மட்டுமா குறையும்? 1999இலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், என்.ஆர்.1 ஏறத்தாழ ஐந்து விழுக்காடு மட்டுமே உள்ள சுண்டெலிகளை வளர்த்தார்கள். அவை ஓயாமல் அலைந்தன. தம்மினத்தோடு கூடிப் பழகாமல் விலகின. மனச்சிதைவு நோய்க்குத் தரும் மருந்துகளைக் கொடுத்தபோது அந்த நடத்தை தணிந்தது. என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் சில மருந்துகள் நலமாயுள்ள மனிதரிடமும் சிறிது நேரம் சித்தக் கலக்கத்தை உண்டாக்கும் என்பது மருத்துவர்கள் முன்பே அறிந்ததுதான். மறுபுறம், இவ்வேற்பியை மிதமாக அடைக்கும் மெமன்டைன் என்னும் மருந்து, 2002 முதல் ஐரோப்பாவிலும் 2003 முதல் அமெரிக்காவிலும், முதியோரின் அல்சைமர் மறதி நோய்க்கே வழங்க ஒப்புதல் பெற்றது. கூடினால் நன்மை, குறைந்தால் தீமை என்ற எளிய கணக்கு இங்கே செல்லாது.

இனி, நம் பெற்றோர்களுக்கு மிக வேண்டிய ஆய்வுக்கு வருகிறோம். சி.ஏ.1 வட்டாரத்தில் ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளைச் சியென் குழுவினரே 2000இல் வேறுவிதமாகச் சோதித்தார்கள். வெறுங்கூண்டில் வளர்ப்பதற்குப் பதிலாக, நாள்தோறும் சில மணி நேரம், வாரக்கணக்கில், விளையாட்டுப் பொருள்களும் ஓடுசக்கரங்களும் துணைச் சுண்டெலிகளும் நிறைந்த இடத்தில் அவற்றை விட்டார்கள். பொருள்களை அடையாளம் காணுதல் முதலிய சோதனைகளில் அவற்றின் குறை வெகுவாக நீங்கியது. நீக்கப்பட்ட ஏற்பி திரும்ப வரவில்லை. ஆனால் மூளை வேறு வழி கண்டது. மரபணுவை ஆராய்ச்சியாளன் கைவைத்து அழித்த ஓருயிருக்கே இவ்வளவு இடம் இருக்குமானால், ஒரு குறையும் நிரூபிக்கப்படாத பிள்ளையை நோக்கிப் 'பிறப்பே அப்படி' என்று சொல்ல எவருக்கு உரிமை? இதை நாம் சற்றுக் கடுமையாகவே கேட்கிறோம். பிரம்பையும் தனிமையையும் கல்விச் சாதனமாகக் கருதும் ஆசிரியர்களும் அந்த ஓடுசக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சிந்திக்கட்டும்.

ஆராய்ச்சியாளர் எல்லாரும் ஒரே குரலில் பேசினர் என்று எண்ணிவிடக் கூடாது. 1999 ஜூனில் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரத்தார், குளூட்டமேட்டுக்குரிய மற்றொருவகை ஏற்பியின் ஒரு பாகம் இல்லாத சுண்டெலிகளைக் காட்டினர். அவற்றின் சி.ஏ.1 பகுதியில் நீடித்த வலுவூட்டமே எழவில்லை. ஆனால் தொட்டியில் மேடையை அவை செவ்வனே கற்றன! வலுவூட்டமே நினைவு என்று சொல்லி வந்தவர்கள் திகைத்தார்கள். குறுகிய நேரம் மட்டும் மனத்தில் வைக்க வேண்டிய இடக்குறிப்புகளில் அவை தவறின என்பது பின்னர்த் தெரிந்தது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் பேனர்மன் முதலியோர், என்.எம்.டி.ஏ. ஏற்பியைக் கடற்குதிரையின் முக்கிய வட்டாரங்களில் இழந்த சுண்டெலிகளும் மேடையின் இடத்தைக் கற்கின்றன என்று கண்டனர். அவை தவறிய இடம் வேறு. ஒரேமாதிரியான இரண்டு அடையாளங்களை வைத்து, ஒன்றின் அடியில் மட்டும் மேடை இருக்கச் செய்தபோது, பொய்யான அடையாளத்தை விலக்கிவிட்டு மெய்யானதைத் தேர்ந்தெடுக்க அவற்றால் இயலவில்லை. அப்படியானால் இவ்வேற்பியின் பணி இடத்தைப் பதித்துவைப்பதா, ஒன்றையொன்று மயக்கும் நினைவுகளிடையே தெரிவு செய்வதா? மனனம் செய்தவர்கள் 'முதஷாபிஹ்' எனப்படும் ஒத்த வசனங்களில் இடறுவதை அறிந்த நமக்கு இக்கேள்வி வெறும் எலிக் கேள்வியாகத் தோன்றவில்லை. விவாதம் முடியவில்லை.

சோதிக்கும் மனிதனும் சோதனையின் ஒரு பகுதியே என்பதும் தெரியவந்தது. 1999இல் ஜான் கிராப் முதலியோர், ஒரே வம்சச் சுண்டெலிகளை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மூன்று நகரங்களில், ஒரே வகைக் கருவிகள், ஒரே முறை, ஒரே காலம் என்று இயன்றவரை ஒன்றாக்கிச் சோதித்தனர். மரபணு வேறுபாடுகளின் பெரிய விளைவுகள் மூன்று இடத்திலும் ஒத்தன; ஆனால் சில நடத்தைகள் ஊருக்கு ஊர் மாறின. 2014இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார், சோதிப்பவர் ஆணாக இருந்தால் அவருடைய உடல் வாடையே சுண்டெலியைக் கலக்கமுறச் செய்து வலி நடத்தையை மாற்றிவிடுகிறது என்று காட்டினர். வகுப்பறையில் நுழையும் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே பாடம் மறந்துபோகும் பிள்ளைகளை நாம் அறிவோம்.

இவ்வளவு சுண்டெலிகளும் எலிகளும் மனிதனுக்காகத் துன்புற்று மடிந்திருக்கின்றன. தேவைக்கு மேல் ஓருயிரை வதைப்பது கூடாது என்பதில் நம்மிடையே இரு கருத்து இருக்க முடியாது. பல நாடுகளில் இப்போது இச்சோதனைகளுக்கு முன் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. அவற்றால் விளைந்த நன்மை என்ன என்று கேட்டால், ஒன்றையேனும் சொல்ல வேண்டும்.

2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசெப் டால்மாவும் துணைவர்களும் ஒரு நோயை அடையாளம் காட்டினர். பெரும்பாலும் இளம் பெண்களுக்கும் சிறுவர்க்கும் வருவது. தலைவலி, காய்ச்சல் என்று தொடங்கும். சில நாள்களில் தொடர்பற்ற பேச்சு, இல்லாததைக் காணுதல், கட்டுக்கடங்காத கலக்கம், வாயும் கைகால்களும் தாமே அசைதல், வலிப்பு, நினைவிழப்பு என்று முற்றும். காரணம், உடலின் எதிர்ப்புப் பொருள்கள் கிருமியை விட்டுவிட்டுத் தன் மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையே தாக்குவது. டோனெகாவா முதலில் ஆராய்ந்த எதிர்ப்புப் பொருளும், பின்னர் ஆராய்ந்த ஏற்பியும் ஒரே நோயாளியின் தலைக்குள் சந்தித்துக்கொண்டன! சில பெண்களிடம் சினைப்பையிலுள்ள கட்டி ஒன்று இதைத் தூண்டிவிடுகிறது. இவ்வேற்பி குன்றினால் நடத்தை எப்படி மாறும் என்பதைச் சுண்டெலிகள் முன்னமே காட்டியிருந்தமையால், இந்நோயின் வேரை விளங்கிக்கொள்ள வழி இருந்தது.

நன்றாயிருந்த பெண் திடீரென்று இப்படி மாறினால் நம் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்க வரவில்லை. ஆனால் ஓதுவதற்காக ஒரு நாளும் மருத்துவத்தைத் தள்ளிப்போடலாகாது. முதுகுத்தண்டு நீரையும் இரத்தத்தையும் சோதித்து இந்நோயை அறிகிறார்கள். எதிர்ப்புப் பொருள்களை அடக்கும் மருந்துகள் தந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றி, கட்டி இருந்தால் அகற்றுகிறார்கள். தாமதமின்றிச் சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் தேறுகிறார்கள். முழுதும் தேறுவதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. படிப்பையும் வீட்டு வேலையையும் மீண்டும் மேற்கொள்கிறார்கள். நோயுற்றிருந்த அந்த நாள்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர்களுள் பலருக்கு ஒன்றும் நினைவில் இருப்பதில்லை.